பெயர் கேட்கும் அந்த ஒரு வரி

தம்பி,

நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று ஆற அமரத் தொடங்க எனக்கு இன்று மனமில்லை, நேரமும் இல்லை. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்தக் கொம்பனிக்கு நீ பதில் சொல்ல வேண்டும் என்பதை நேற்றுத்தான் உன் அப்பாவின் வாயிலிருந்து பிடுங்கி எடுத்தேன். ஆசுபத்திரியில் நோயாளிகளுக்கு மருந்து ஏற்றுகிற பம்புக்குப் புரோகிராம் எழுதும் வேலை. நீ தேடிப் போகாமல் உன்னைத் தேடி வந்த வேலை. அதை வேண்டாம் என்று சொல்லப் போகிறாயாம். “முட்டைப் பெட்டியிலையே பிழை விட்டனான் அப்பா. மனிசரின்ரை நரம்பிலை குத்துற சாமானுக்கு நான் எழுதக்கூடாது” என்று சொன்னாயாம். அப்பா அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வயலுக்குப் போய்விட்டார். நான் அடுப்பில் வைத்த உலை பொங்கி அணைந்ததும் தெரியாமல் நின்றேன்.

நீ பிழை விடவில்லை. பிழை விட்டவள் உன் அம்மா நான். அதை இரண்டு வருசமாக மறைத்தவளும் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். சுற்றி வளைத்துக் கதைக்கத் தொடங்கினால் கடைசியில் விசயத்தைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். இதை உன் ஃபோனுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் பெயரை நான் கெடுத்தது ஒன்பது வீட்டுக்காரருக்கு முன்னால். அதை உன் காதில் மட்டும் வந்து திருத்துவது திருட்டுத்தனம். நாளைக்கு மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை நானே எழுந்து வாசிக்கப் போகிறேன். சங்கத்தின் ஆண்டு மலரிலும் போடச் சொல்லிக் கொடுப்பேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. உனக்கே பாடம் எடுக்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

கெட்டுப்போன பிரிட்ஜின் வெறும் கோதைக் கிளிநொச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றி வந்து, பின்பக்கக் கொட்டிலில் வைத்து, நீ குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தாய். உள்ளே சூட்டுக்கு நாலு பல்பு, சூட்டை வெளியே தள்ள ஒரு விசிறி, சூடு எவ்வளவு என்று சொல்ல ஒரு கருவி. பல்புகளை ஏற்றி இறக்க ஒரு சின்ன ரிலேப் பலகை, விசிறிக்கு அதே மாதிரி இன்னொன்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருக்கும். இரண்டின் யுஎஸ்பி வயர்களும் உன் பழைய லப்டொப்புக்குப் போகும். கீரிக்கும் நாய்க்கும் அடைக்கோழிகளைப் பறிகொடுத்து அலுத்துப்போன பெண்களிடம் நான்தான் வீடு வீடாகப் போய், முட்டையைத் தாருங்கோ, என்ரை மோன் செய்த பெட்டி இருக்கு என்று சொன்னேன். ஒவ்வொரு முட்டையிலும் வீட்டுக்காரியின் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் எழுதி அடுக்கினோம். முதல் மூன்று தடவையும் குஞ்சுகள் நன்றாகப் பொரித்தன. சங்கத்தில் என் கழுத்து ஒரு சாண் நீண்டுவிட்டது.

நீ கம்பஸில் நிற்கிற நாட்களில் பெட்டியைப் பார்ப்பது நான்தான் என்பதால், அந்தப் புரோகிராமை எனக்கு விளக்கித் தந்தாய், அது இன்னும் காதில் இருக்கிறது. லினக்ஸில் யுஎஸ்பி வழியாக எதைக் குத்தினாலும் அதற்கென்று ஒரு கோப்பு முளைக்கும் என்றாய். சாதாரணக் கோப்பைத் திறப்பதுபோல அதைத் திறந்து, அதன் வழியாகக் கட்டளையை அனுப்பினால் பலகை கேட்கும். கேர்னல் என்கிற உள்வீட்டுக்குள் போய்க் கைவைக்கத் தேவையில்லை. வெளியில் நின்றே ஒரு சின்னப் புரோகிராமால் வேலை வாங்கலாம். பலகையைக் குத்தியவுடன் கேர்னலின் ஆள் ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும், முதலில் அதை விடச் சொல்லிக் கேட்க வேண்டும், விட்ட பிறகுதான் நம்முடைய புரோகிராம் பிடிக்கலாம் என்றாய். மற்ற எதையும் நான் தொட்டுக் குழப்பாமல் அந்த இரண்டு பலகைகளை மட்டும் தொடுவதற்கு எனக்கு அனுமதி எழுதி வைத்தாய். நான் சிரித்துக்கொண்டு கேட்டேன், ஃபைல்தானே, அதின்ரை நம்பரைப் போட்டுத் திறந்தால் முடிஞ்சுது, ஏன் இவ்வளவு நீளமாக எழுதி வைத்திருக்கிறாய் என்று.

“அந்த நம்பர் ஆசுபத்திரி கிளினிக்கிலை குடுக்கிற துண்டு மாதிரி அம்மா” என்றாய். “வந்த வரிசைக்குத்தான் குடுக்கிறது. இண்டைக்கு உங்களுக்கு அஞ்சு. நாளைக்கு அஞ்சு வேறை ஆரோ. நம்பரைப் பாத்து மருந்து குடுக்கேலாது. பேரைக் கேட்டுத்தான் குடுக்கோணும்.”

ஒவ்வொரு பலகைக்கு உள்ளேயும் நீ ஒரு பெயரை எழுதி வைத்திருந்தாய். ஒன்று சூடு, மற்றது விசிறி. புரோகிராம் கோப்பைத் திறந்ததும் முதலில் நீ யார் என்று பலகையைக் கேட்கும். சரியான பெயர் வந்தால்தான் மேற்கொண்டு பேசும். அந்தக் கேள்வி ஒரே ஒரு வரி.

ஆவணியில் ஒரு நாள் விடிய இடி விழுந்து சூட்டுப் பலகை எரிந்துபோனது. நீ மேலதிகமாக ஒரு பலகை வாங்கி வைத்திருந்தாய், அதை மாட்டினேன். ஆனால் புதுப் பலகைக்குள் பெயர் எழுதியிருக்கவில்லை. புரோகிராம் சூட்டுப் பலகையைக் காணவில்லை என்று எழுதிவிட்டு நின்றுவிட்டது. பெட்டிக்குள் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. பெயர் எழுதும் முறையை நீ ஒரு தாளில் எழுதித் தந்திருந்தாய், அந்த அவசரத்தில் அந்தத் தாள் கண்ணில் படவில்லை. உனக்கு அன்று கம்பஸில் பரீட்சை, ஃபோனை நிற்பாட்டி வைத்திருந்தாய். எல்லோரும் செய்வதுபோல லப்டொப்பை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை. பிறகு நீ முன்பு காட்டித் தந்தபடி எந்தப் பலகைக்கு என்ன இலக்கம் என்று பார்த்தேன். சூட்டுக்கு ஐந்து, விசிறிக்கு ஆறு. பெயர் கேட்கும் வரியை அழித்தேன். ஐந்து என்றும் ஆறு என்றும் எழுதினேன். பல்புகள் பளிச்சென்று எரிந்தன. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசம் உன்னைப் பெற்ற அன்றுகூட வந்திருக்காது. பதினோராம் வகுப்பு ஓயெல்லோடு படிப்பை விட்டவள் அல்லவா நான்.

பின்னேரம் நீ ஃபோன் எடுத்தாய். பலகை மாற்றினேன் என்றதும் நீ கேட்ட முதல் கேள்வி, “பேர் எழுதினனீங்களோ?”

நான் “ஓம்” என்றேன்.

“நீங்கள் கெட்டிக்காரி அம்மா” என்றாய்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எப்படி இல்லை என்று சொல்வது. இரண்டொரு நாளில் தாளைத் தேடியெடுத்துப் பெயர் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கரண்ட் போனாலும் லப்டொப் பற்றரியில் நிற்கும், ஒருநாளும் அணைவதில்லை, ஆகவே இலக்கங்களும் மாறவில்லை. ஓடுகிற மாட்டை ஏன் பிடித்துக் கட்டுவான் என்று விட்டுவிட்டேன். அந்த மாதம் பொரித்த குஞ்சுகளை நானே பெட்டியில் அடுக்கி வீடு வீடாகக் கொடுத்தேன். பிறகு அந்த வரியை மறந்தும்போனேன்.

சரஸ்வதி பூசை வந்தது. இந்த வீட்டில் அன்றைக்குக் கத்தரிக்கோலிலிருந்து அப்பாவின் மருந்தடிக்கும் இயந்திரம் வரைக்கும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்காமல் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். பெட்டிக்குள் முட்டைகளுக்குப் பத்தொன்பதாம் நாள். முந்தின நாள் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தபோது உள்ளே குஞ்சு கொத்துகிற சத்தம் கேட்டது. அப்பா சொன்னார், “உயிர் கிடக்கிற பெட்டி. இண்டைக்கு அதை நிப்பாட்டாதையும். சந்தனப் பொட்டைப் பெட்டிக்கு வெளியிலை வையும், அதுவே காணும்.” நான் கேட்கவில்லை. உழைத்துத் தருகிற சாமானைச் சாமி முன்னால் வைக்காமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. அடைக்கோழியும் இரை தின்ன இறங்கித்தானே வருகிறது, அரை மணித்தியாலத்தில் என்ன வந்துவிடும் என்று சொன்னேன். சுடுதண்ணீர்ப் போத்தல்களைச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, லப்டொப்பை அணைத்து, இரண்டு வயர்களையும் கழற்றி, அதைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் உன் பழைய கொப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பலகைகள் இரண்டுக்கும் பெட்டியடியிலேயே சந்தனம் வைத்தேன்.

பூசை முடிந்து லப்டொப்பைக் கொண்டுவந்து போட்டேன். பிறகு வயர்களைக் குத்தினேன். முதலில் எதைக் குத்தினேன், அடுத்து எதைக் குத்தினேன் என்று அப்போது நான் யோசிக்கவேயில்லை. இப்போது தெரியும். விசிறியின் வயரை முதலில் குத்தினேன். கிளினிக்கில் முதலில் வந்தவருக்கு ஐந்தாம் துண்டு. சூடு பிந்தி வந்தது, அதற்கு ஆறு. புரோகிராம் ஓடியது. பெட்டிக்குள் பல்பு எரிகிறதா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆறின பெட்டியைச் சூடாக்கச் சொல்லி ஐந்தாம் இலக்கத்துக்குக் கட்டளை போனது, விசிறிதான் சுற்றியது. விசிறி சத்தம் கேட்டதே போதும் என்று நான் கொட்டிலைவிட்டு வந்துவிட்டேன்.

வெயில் ஏறியது. தகரக் கொட்டில். வெளிச்சூட்டிலேயே பெட்டி சூடாகி, அளவைத் தாண்டியதும் புரோகிராம் ஆறாம் இலக்கத்துக்கு விசிறியைப் போடு என்றது, பல்புகள் எரிந்தன. சூடு இன்னும் ஏறியது. இன்னும் விசிறி வேண்டும் என்று அது நினைத்தது. பல்புகளை அணைக்கவே இல்லை. அபாயச் சத்தம் ஒன்று நீ வைத்திருந்தாய், அது கத்தித்தான் இருக்கும். கோயில் லவுட்ஸ்பீக்கர் பாட்டில் எனக்குக் கேட்கவில்லை. நான் பூசைக்கு வந்த பிள்ளைகளுக்கு அவலும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மருந்தடிக்கும் இயந்திரத்தைத் திரும்ப வைக்கக் கொட்டிலுக்குப் போன அப்பாதான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கலியாணம் செய்து இத்தனை வருசத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். கதவைத் திறந்தபோது சூடு முகத்தில் அடித்தது. எல்லா வயர்களையும் பிடுங்கி எறிந்தேன். ஈரச் சாக்கைப் போட்டேன், விசிறினேன், ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதில் வைத்தேன். பா, செ, ரா, மறுபடியும் பா. ஒன்றிலும் சத்தமில்லை. கடைசியில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

பின்னேரம் பாக்கியம் அக்கா வந்தா. எங்கள் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறவ, அதிக முட்டை தந்தவ. பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள். என்ன நடந்தது பிள்ளை என்று அவா தன்மையாகத்தான் கேட்டா. திட்டியிருந்தால்கூட உண்மை வாயில் வந்திருக்கும். அத்தனை பேர் முன்னால் நான், சங்கச் செயலாளர், ஒரு சாண் நீண்ட கழுத்துக்காரி, “தம்பியின்ரை புரோகிராமிலை ஏதோ பிழை போல” என்று சொன்னேன். சொல்லி முடிந்ததும் அப்பா எழுந்து உள்ளே போனார். அவருக்கு வரி, இலக்கம் ஒன்றும் தெரியாது. ஆனால் நான் பொய் சொன்னால் என் குரலில் அவருக்குத் தெரிந்துவிடும்.

நீ மறுநாள் பஸ் ஏறி வருவதாகச் சொன்னாய். இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். நீ வருவதற்கு முதல் அந்தத் தாளைத் தேடினேன். அலுமாரியில் உன் தேசிய அடையாள அட்டைப் பிரதிக்கு அடியில் இருந்தது. புதுப் பலகைக்குப் பெயர் எழுதினேன். பெயர் கேட்கும் வரியை இருந்தபடியே திரும்ப எழுதினேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். ஆவணியில் செய்திருக்க வேண்டிய அதே பத்து நிமிடம்.

நீ வந்தாய், சாப்பிடவும் இல்லை, கொட்டிலுக்குள் போய் இருந்தாய். இரண்டு பகல். ஒவ்வொரு வரியாக வாசித்தாய். வயரைக் கழற்றி மாறி மாறிக் குத்திப் பார்த்தாய். நீ எழுதியது ஒருமுறையும் பிழை விடவில்லை. பிழை விடாததுதான் உன்னைக் கொன்றது. பிழையைக் கண்டிருந்தால் திருத்திவிட்டு எழுந்திருப்பாய். கோப்பைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பார்க்க ஒரு சொடுக்குப் போதும், நீ எனக்கே அதைக் காட்டித் தந்தவன். நீ பார்க்கவில்லை. அம்மாவைச் சந்தேகிக்க உனக்குத் தோன்றவில்லை. நான் வாசலில் தேத்தண்ணியோடு நின்றேன். சொல்லிவிடு சொல்லிவிடு என்று எனக்கு நானே சொன்னேன். நீ தலையை நிமிர்த்தி, “எனக்கு விளங்கேல்லை அம்மா. எங்கையோ விட்டிட்டன்” என்றாய். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒன்பது வீட்டு வாசல் படலைக்கும் போய் மன்னிப்புக் கேட்டாய். நானும் உன் பக்கத்தில் நடந்தேன். அதன் பிறகு நீ பலகை எதையும் தொடவில்லை. வவுனியாவில் ஒரு கடையின் கணினியில் பற்றுச்சீட்டு அடிக்கிற வேலைக்குப் போனாய். வீட்டில் யாரும் கேட்டால் அது நிம்மதியான வேலை என்று சொன்னாய்.

உனக்குப் பதினொரு வயதில் நடந்தது ஒன்று ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டு ரேடியோவைக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல், நீயாகவே வந்து நான்தான் என்று சொன்னாய். அகப்பைக் காம்பால் அடித்தேன். உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு அடி போட்டவள், பொய் சொன்ன தனக்கு என்ன போட்டாள் என்று இந்த இரண்டு வருசமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடி வாங்கியும் நீ மாறவில்லை. நீ செய்யாததற்கும் சேர்த்து நான்தான் என்று சொல்லப் பழகிவிட்டாய். அதுவும் நல்லதில்லை தம்பி. உன்னுடையது எது, மற்றவருடையது எது என்று பிரித்துப் பார். அது அம்மாவுடையதாக இருந்தாலும் பிரித்துப் பார்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தும் பெற்றவள் வாய் சும்மா இராது. அந்தப் பம்பை எழுதும்போது என்னை நினைத்துக்கொள். உன் புரோகிராமை நாளைக்கு வைத்திருக்கப்போவது என்னைப் போன்ற ஒருத்தியாகத்தான் இருக்கும். அவசரத்தில் நிற்பாள், தாள் கண்ணில் படாது, கேட்க வெட்கப்படுவாள். அவள் அந்த வரியை அழிக்க முடியாதபடி எழுது. அழித்தால் உடனே தெரியும்படி எழுது. அவள் உனக்கு ஃபோன் எடுத்தால் கெட்டிக்காரி என்று சொல்ல அவசரப்படாதே, என்ன செய்தாய் என்று இன்னொருமுறை கேள். பிழைக்குப் பயப்படுகிறவன்தான் அந்த வேலைக்கு வேண்டும், நீ பயந்தவன். ஆனால் உன் பயம் பிழையான இடத்தில் நிற்கிறது, அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான்.

நான் மாற்றிய கோப்பை அன்று அழிக்கவில்லை. பழசு என்று பெயர் போட்டு வேறொரு இடத்தில் வைத்தேன். ஏன் என்று தெரியாது, ஒருநாள் இப்படி வரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கலாம். அதையும் இத்துடன் அனுப்புகிறேன். திகதியைப் பார். ஐந்தையும் ஆறையும் பார். உனக்கு ஒரு நிமிடம் போதும்.

சனிக்கிழமை பின்னேரம் இதைச் சேர்த்து எழுதுகிறேன். கூட்டத்தில் வாசித்துவிட்டேன். தாளைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். முடித்ததும் பாக்கியம் அக்கா இருந்த இடத்திலிருந்தே கேட்டா, “அப்ப அந்தப் பிள்ளை என்ரை படலையிலை நிண்டு அழுதழுது மன்னிப்புக் கேக்கேக்கை, நீ பக்கத்திலைதானே நிண்டனி?”

“ஓம் அக்கா” என்றேன்.

அவா எழுந்து போய்விட்டா. இன்னும் இரண்டு பேர் பின்னால் போனார்கள். செயலாளர் பதவியை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அது சரியானதுதான். வீட்டுக்கு வந்தபோது அப்பா கொட்டிலில் நின்றார். பெட்டியின்மேல் கிடந்த சாக்கை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஒரு துணியை என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் துடைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் படலைச் சத்தம் கேட்டது. பாக்கியம் அக்கா முட்டைகள் வைத்த ஒரு ஓலைக் கடகத்தோடு வந்து நின்றா. என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் நீட்டினா. “இது பிள்ளையை நம்பித் தாறன். உவாவை நம்பி இல்லை” என்றா.

திங்கட்கிழமை முதலில் அந்தக் கொம்பனிக்கு ஓம் என்று சொல். பிறகு எனக்கு ஃபோன் எடுக்கலாம். கோபமென்றால் எடுக்காமலும் விடலாம், அது உன் உரிமை. அக்காவின் கடகத்தில் வந்தவை ஏழு முட்டைகள். ஒவ்வொன்றிலும் பா என்று பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிறது. லப்டொப்பில் ஓடுவது நீ எழுதியது, பலகைகளின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கியது. நான் அதில் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

அம்மா